கணீரென்று கேட்ட பக்கம்

மூன்று பந்துகளும் ஒன்றாக மேலே ஏறி நின்றன.

"பாத்தீங்களா?" என்று வாயிலிருந்த குழாயை எடுத்துவிட்டுச் சிரித்தான் ஷமீர்.

"மாஷா அல்லாஹ்" என்றாள் ஜைத்தூன் பீவி. மகனின் கன்னத்தை வழித்து, விரல்களைத் தன் நெற்றிப்பொட்டில் சொடுக்கிக்கொண்டாள். "ஆஸ்பத்திரியிலேருந்து வந்த புதுசுல ஒத்தப் பந்துக்கே முக்கினான் எம்புள்ள. இப்பப் பாரு, மூணும் பட்டாளம் மாதிரி நிக்குது."

உமைரா பந்துகளைப் பார்க்கவில்லை. கணவனின் கையைப் பார்த்தாள்.

மூச்சுப் பயிற்சிக்காக ஆஸ்பத்திரியில் கொடுத்த அந்தப் பிளாஸ்டிக் மிஷினை நிமிர்த்தித்தான் பிடிக்க வேண்டும். ஷமீர் அதைத் தன் பக்கமாகச் சாய்த்துப் பிடித்திருந்தான். சாய்த்துவிட்டால் பந்துகள் சரிவில் சுலபமாக மேலே ஓடிவிடும். பச்சைப் பிள்ளை இழுத்தாலும் ஓடும்.

"நேரா வச்சு ஒரு தடவை இழுங்க" என்றாள்.

ஷமீரின் சிரிப்பு பாதியில் நின்றது. "சாயங்காலம் கார் வருது. பெட்டி கட்ட வேணாமா?"

"பெட்டி நான் கட்டிக்கிறேன். நீங்க இழுங்க."

"ஏன்மா, போற அன்னிக்கும் பரீட்சையா?" ஜைத்தூன் பீவியின் குரல் ஏறியது. "டாக்டரம்மாவே பாஸ் போட்டாச்சு. நீ என்னா ஹெட்மாஸ்டரா?"

ஷமீர் மிஷினை எடுத்து அலமாரியின் மேல்தட்டில், உமைராவுக்கு எட்டாத உயரத்தில் வைத்தான். வைப்பதற்கு வலது கையைத் தூக்கவில்லை. இடது கையைத்தான் தூக்கினான்.

அதையும் அவள் பார்த்துவைத்துக்கொண்டாள்.

ஷார்ஜாவிலிருந்து விடுமுறைக்கு வந்தவன், அத்தாவின் பீங்கான் ஷெட்டில் களிமண் மூட்டை இறக்கும்போது மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வாயுப் பிடிப்பு என்று பெருங்காயம் கரைத்துக் குடித்துப் படுத்தான். மூச்சு முட்டிய பிறகுதான் வலது நுரையீரல் சுருங்கிக் கிடப்பது தெரிந்தது. நுரையீரலில் சின்னதாக ஒரு பொத்தல். அது வழியே கசிந்த காற்று விலாவுக்குள் அடைத்துக்கொண்டு, நுரையீரலை ஒரு மூலையில் நெருக்கிவிட்டது. புதுச்சேரியில் அக்குளுக்குக் கீழே துளை போட்டுக் குழாய் செருகி அந்தக் காற்றை வெளியே எடுத்தார்கள். உயரமாக, ஒல்லியாக இருக்கும் இளவட்டங்களுக்கு இப்படி வருவதுண்டு என்றார்கள். சிகரெட்டும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம் என்றார்கள். ஷமீர் அன்றே சிகரெட்டை விட்டான்.

போன மாதம் இங்கே விருத்தாசலத்தில் டாக்டர் பூர்ணிமா படம் எடுத்துப் பார்த்து, நுரையீரல் முழுதாக விரிந்துவிட்டது, சில வாரம் கழித்து விமானம் ஏறலாம் என்றார். கூடவே இன்னொன்றும் சொன்னார். "இது ஒரு தடவை வந்தா மறுபடியும் வரலாம். வலியோ, மூச்சு வாங்கலோ, எதுவா இருந்தாலும் அன்னிக்கே வந்துடணும்."

வீட்டில் ஷமீர் முதல் பாதியை மட்டும் சொன்னான். கூடப் போயிருந்த உமைராவுக்கு இரண்டாம் பாதியும் காதிலேயே இருந்தது.

அவள் சொன்னால் யார் கேட்பார்கள்? விசா முடிய இன்னும் கொஞ்ச நாள்தான். அதற்குள் திரும்பாவிட்டால் வேலை போச்சு. விமானம் நாளை விடியற்காலை. இன்று அஸர் தொழுகை முடிந்ததும் சென்னைக்குக் கார்.

கொல்லைப்புறக் குழாயடியில் துணிகளை நனைத்துக்கொண்டே உமைரா யோசித்தாள்.

முதலில் அவளுக்கு வந்தது சிகரெட் சந்தேகம்தான். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கே தாயார் விரட்டி அனுப்ப வேண்டிய மனிதர், கொஞ்ச நாளாக ஐந்து வேளையும் பள்ளிவாசலுக்குப் போனார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தொழுதவர், ஒரு நாள் காலையில் "நான் ஜமாஅத்தோட தொழுவுறேன்" என்று தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அத்தர் வேறு. மாமி அந்தச் சேதியைத் தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. பள்ளிவாசலை ஒட்டி ஒரு பெட்டிக்கடை இருப்பது உமைராவுக்குத் தெரியும். தினமும் அவருடைய சட்டையை முகர்ந்து பார்த்தாள். அத்தர் வாசனை மட்டும்தான் வந்தது. அது அவளுடைய சந்தேகத்தைக் கூட்டியதே தவிரக் குறைக்கவில்லை.

பிறகு தலையணைகள். ஒன்றின்மேல் ஒன்றாக மூன்றை அடுக்கிச் சாய்ந்தபடிதான் தூங்கினார். கேட்டால் "நெஞ்சு எரிச்சல்" என்றார்.

நேற்று நாத்தனார் சனா போனில் கேட்டது இன்னும் குத்தியது. "ஏன் உமைரா, தம்பி இப்பல்லாம் வாய்ஸ் மெசேஜே அனுப்பறதில்ல? எல்லாம் டைப் பண்ணித்தான் அனுப்பறான். எம்மேல கோவமா?"

கோபமில்லை. பேசினால் மூச்சு காட்டிக்கொடுத்துவிடும்.

மாமனாரின் சட்டையைக் கும்மிப் பிழிந்தாள். பீங்கான் ஷெட்டுக்காரர் சட்டை. துவைத்தால் தண்ணீர் பாலாக ஓடும். இன்று தெளிவாக ஓடியது. மாமி ஏற்கெனவே ஒரு தடவை அலசிவிட்டார்கள் போல என்று நினைத்தபடி கொடியில் போட்டாள். கூடத்துக்கு வந்தபோது மாமியார் இன்னும் கத்திக்கொண்டிருந்தாள்.

மாமனார் முகம்மது கனி அப்போதுதான் பள்ளிவாசல் தெருவில் டீ குடித்துவிட்டு உள்ளே வந்தார்.

"என்னா சத்தம்? வாசல் வரைக்கும் கேக்குது" என்றார்.

"உங்க மருமவளுக்கு நம்ம பய நெஞ்சு மேல சந்தேகமாம்" என்றாள் ஜைத்தூன் பீவி. "போறவனைப் பொத்திப் புடிச்சு வச்சுக்கணும்னு பாக்குது."

கனி பாய் மருமகளைப் பார்த்தார். பிறகு மகனைப் பார்த்தார். "சட்டையைக் கழட்டுடா."

"எதுக்கு அத்தா?"

"கழட்டுன்னா கழட்டு. இருவத்தஞ்சு வருஷமா எதை வச்சுப் பொழைக்கிறேன்? தட்டிப் பாத்தா தெரிஞ்சிட்டுப் போவுது."

ஜைத்தூன் பீவி சிரித்துவிட்டாள். ஷமீரும் சிரித்தபடி சட்டையைக் கழற்றினான்.

செராமிக் எஸ்டேட்டில் கனி பாய் ஷெட்டின் சரக்கு ஜோடி யானை. பெரிய வீட்டு வாசலில் இரண்டு பக்கமும் வைப்பார்களே, அந்த வெள்ளை யானை. சூளையிலிருந்து இறக்கியதும் ஒவ்வொன்றையும் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார்கள். கணீரென்றால் நல்ல சரக்கு. சத்தம் செத்து, தொப்பென்று கேட்டால் எங்கோ கீறல் இருக்கிறது. எத்தனை சின்னக் கீறலானாலும் காது பிடித்துவிடும். திட்டக்குடியிலிருந்து மருமகளாக வந்த உமைராவுக்கு அந்தத் தட்டலைக் கற்றுக்கொடுத்ததே கனி பாய்தான். ஷமீர் படுத்த நாள் வரைக்கும் அவளும் ஷெட்டில் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தாள். அதன்பிறகு, "நீ புருசனைக் கவனிம்மா, ஷெட்டுப் பக்கம் வர வேணாம்" என்று அவர் நிறுத்திவிட்டார்.

கனி பாய் மகனின் மார்பில் இடது பக்கம் தட்டினார்.

டொப்.

வலது பக்கம், குழாய் போட்ட தழும்புக்கு மேலே தட்டினார்.

டங்.

இன்னொரு தடவை தட்டினார். அதேதான். வலது பக்கம் காலிப் பானை மாதிரி கணீரென்றது.

"கேட்டியா ஜைத்தூன்? ஒடஞ்ச பக்கம்தான் இப்ப நல்லாப் பேசுது. முதல் தரம். தாராளமா ஏத்தி அனுப்பலாம்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாள் ஜைத்தூன் பீவி. மருமகளைத் திரும்பிப் பார்த்து, "போதுமா?" என்றாள்.

போதும் என்றுதான் உமைராவுக்கும் தோன்றியது. அவள் காதும் அதே ஷெட்டில் பழகிய காது. கணீரென்றால் நல்ல சரக்கு. ஒரு நிமிடம் மனசு லேசாகியது.

கனி பாய் செருப்பை மாட்டிக்கொண்டார். "நான் ஷெட்டுக்குப் போறேன். சூளை பிரிக்கணும். மூணு மணிக்குள்ள வந்துடுறேன்."

போன வருஷம் வரைக்கும் "வெளிநாடு போதும்டா, ஷெட்டை வந்து பாரு" என்று பாட்டுப் பாடியவர் அவர். இந்த இரண்டு மாதமாக "போ, போ" என்று விரட்டுகிறார். அது ஏன் என்று உமைராவுக்கு அவ்வப்போது தோன்றும். மகன் தூசியில் வேலை செய்ய வேண்டாம் என்று நினைக்கிறார் என்று தானே பதிலும் சொல்லிக்கொள்வாள்.

சமையல்கட்டில் ஜைத்தூன் பீவி பயணத்துக்கு இறைச்சி வறுத்துக்கொண்டிருந்தாள். உமைரா வெங்காயம் உரிக்க உட்கார்ந்தாள்.

"ஒண்ணு கேக்குறேன், ஒளிக்காம சொல்லு" என்றாள் மாமியார், கரண்டியை நிறுத்தாமல். "அவன் போறது உனக்குப் புடிக்கலைதானே?"

"புடிக்கலைதான் மாமி."

அந்தப் பதிலை ஜைத்தூன் பீவி எதிர்பார்க்கவில்லை. கரண்டி நின்றது.

"நானும் உன் வயசுல அப்படித்தான் இருந்தேன். உங்க மாமா சவூதிக்குக் கெளம்பறப்ப வயித்து வலின்னு உருண்டேன். அவுங்க என்னைப் பாத்தாங்க, பெட்டியத் தூக்குனாங்க, போயிட்டாங்க. எனக்கு வலியும் போயிட்டுது." அடுப்பைத் தணித்தாள். "நீ அவன் பேருல வலி வைக்கிறே. அது தப்பும்மா. போற புள்ளைக்கு வாயால நோவு சொல்லக் கூடாது."

உமைரா அடுத்த வெங்காயத்தை எடுத்தாள். மாமியார் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்குமோ என்று தன்மேலேயே அவளுக்குச் சந்தேகம் வந்தது. அவர் போகக் கூடாது என்கிற ஆசைதான் இந்த நோயைக் கண்டுபிடிக்கிறதா? தலையணை, அத்தர், இடது கை... எல்லாம் அவள் ஆசைக்குத் தோதாக அவளே கோத்துக்கொண்டதா?

ஆனால் ஒன்று இடித்தது. டொப், டங். இரண்டு சத்தம்.

அழைப்பு மணி அடித்தது. உமைரா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கதவை ஒருக்களித்துத் திறந்தாள். பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார் சைக்கிளைப் பிடித்தபடி நின்றிருந்தார்.

"கனி பாய் இருக்காங்களாம்மா?"

"ஷெட்டுக்குப் போயிட்டாங்க."

"நாற்காலி கடைக்கு வந்துடுச்சாம். எடுத்தாரட்டுமான்னு கேக்க வந்தேன்."

"என்னா நாற்காலி?"

"பள்ளிவாசலுக்குத்தாம்மா. முட்டி வலிக்காரங்க தொழுவுறதுக்கு ஓரமா நாலு நாற்காலி கிடக்குது. நாலுக்கும் ஆளு இருக்காங்க. இப்ப தம்பி வந்து ஒண்ணுல உக்காந்துக்கிறாரா, கறிக்கடை பெரியவருக்கு எடம் இல்லாமப் போச்சு. அவரு தெனமும் என்கிட்டதான் சண்டை. 'வாலிபப் பய நாற்காலியில தொழுவுறான், எழுவது வயசுக் கெழவன் தரையில உழுந்து எந்திரிக்கிறேன்'ங்குறாரு." மோதினார் சிரித்தார். "அதான் பாய் புதுசா ஒண்ணு வாங்கித் தர்றேன்னாங்க."

"எத்தினி நாளா நாற்காலியில தொழுவுறாங்க?"

"வர ஆரம்பிச்சதுலேருந்தே அப்படித்தான். சஜ்தாவுக்குக் குனிஞ்சா மூச்சு முட்டுதுன்னாரு. வூட்டுல உங்களுக்குத் தெரியுமில்ல?"

"தெரியும்" என்றாள் உமைரா. கதவைச் சாத்தினாள்.

அதனால்தான் பள்ளிவாசல். வீட்டில் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தால் தெரிந்துவிடும் என்று.

ஷமீர் அறையில் பெட்டியை மூடப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கதவைத் தாழிட்டாள்.

"என்னா, போற நேரத்துல ரொமான்ஸா?" என்றான்.

"திட்டக்குடி பஸ்ஸு சொல்லுங்க."

"என்னது?"

நிச்சயம் ஆன புதிதில், அவளைச் சிரிக்க வைப்பதற்காகப் போனில் அவன் கண்டக்டர் மாதிரி கூவுவான். ஒரே மூச்சில், ஊர்ப் பேர்களை ஐந்தாறு தடவை உருட்டுவான். எதிர்முனையில் அவள் அம்மாவுக்குக் கேட்காமல் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

"ஒரு தடவை கேக்கணும்போல இருக்குது. இனி எப்பக் கேப்பேனோ."

ஷமீர் அவள் முகத்தைப் படித்தான். எதற்கென்று அவனுக்குப் புரிந்தது. புரிந்தும், மறுத்தால் அதுவே பதிலாகிவிடும் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான்.

"கருவேப்பிலங்குறிச்சி பெண்ணாடம் திட்டக்குடி, கருவேப்பிலங்குறிச்சி பெண்ணா..."

நின்றுவிட்டது.

வலது விலாவை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தான். பஸ் பெண்ணாடத்திலேயே நின்றுபோனது. இருவரும் சிரிக்கவில்லை.

"எப்பலேருந்து?" என்றாள்.

"கொஞ்ச நாளா."

"கொஞ்ச நாளான்னா?"

"பத்துப் பன்னெண்டு நாளு இருக்கும். மொதல் தடவை மாதிரி இல்ல உமைரா. லேசாத்தான் இருக்குது. அங்க போயிப் பாத்துக்கலாம். கம்பெனி இன்சூரன்ஸ் இருக்குது."

"அங்க போறதுக்கு முன்னாடி ஆகாசம் ஒண்ணு இருக்குதே."

"நாலு மணி நேரம். கண்ண மூடித் தொறந்தா..."

"கண்ண மூடித் தொறக்கலைன்னா?"

ஷமீர் தலையைக் குனிந்துகொண்டான். "இந்தக் கட்டில்ல கெடந்து கெடந்து, வர்றவன் போறவனெல்லாம் 'இப்ப எப்புடி இருக்குது தம்பி'ன்னு கேக்கறது... என்னால மறுபடியும் முடியாது. வேலையும் போயிட்டா நான் இங்க என்னா பண்ணுவேன்? மூட்டையும் தூக்கக் கூடாது, தூசியும் ஆவாது. அத்தாவும் போயிடு போயிடுங்குறாரு. ஒரு நாள் பொறுத்துக்கிட்டா எல்லாம் முடிஞ்சிடும். நீ வாய மூடிக்கிட்டு இரு. அது போதும்."

உமைரா பெட்டியின் மேல் பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்தாள். தன் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"ஏய், என்னா பண்றே?"

"டாக்டரம்மாகிட்டப் போறேன். இது வேணும்னா நீங்களும் வாங்க. அவுங்க போகலாம்னு சொல்லட்டும், நானே உங்களைக் காருல ஏத்தி விடுறேன்."

அவள் கூடத்தைக் கடக்கும்போது ஜைத்தூன் பீவி கரண்டியோடு ஓடி வந்தாள். பாஸ்போர்ட் விஷயம் கேட்டதும் அந்தக் கரண்டி மருமகள் முகத்துக்கு நேராக நீண்டது.

"என் வூட்டுல திருட்டா? திட்டக்குடியிலேருந்து இதத்தான் கத்துக்கிட்டு வந்தியா?"

"மாமி, கூட வாங்க. நான் சொல்றது பொய்யா இருந்தா, அங்கேயே நாலு பேரு முன்னால என்னைக் கேளுங்க."

ஆட்டோக்காரர் கோதண்டபாணி தெருமுனையிலிருந்து வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தார். "எங்க தங்கச்சி, ரயிலடிக்கா?" என்றவர், பின்னால் சட்டைப் பொத்தானைப் போட்டபடி வந்த ஷமீரையும், கரண்டியைக் கீழே வைக்க மறந்து ஏறிய ஜைத்தூன் பீவியையும் பார்த்துவிட்டு அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை.

ஜங்ஷன் ரோடு கிளினிக்கில் கூட்டம் இல்லை. டாக்டர் பூர்ணிமா ஷமீரின் விரல் நுனியில் கிளிப்பை மாட்டினார். ஸ்டெதஸ்கோப்பை வலது பக்கம் வைத்தார். நகர்த்தி வைத்தார். மறுபடியும் நகர்த்தினார்.

பிறகு தன் இடது கை விரலை ஷமீரின் மார்பில் பதித்து, வலது கை விரலால் அதன்மேல் தட்டினார்.

டொப்.

டங்.

காலையில் கூடத்தில் கேட்ட அதே சத்தம்.

"நல்லாத்தானே கேக்குது டாக்டரம்மா?" ஜைத்தூன் பீவி முந்திக்கொண்டாள். "காலையில எங்க வூட்டுக்காரரும் தட்டிப் பாத்தாரு. கணீர்னு இருந்துச்சு. பீங்கான்லயே ஊறுனவரு அவரு, சத்தத்துல அவரை ஏமாத்த முடியாது."

டாக்டர் நிமிர்ந்தார். "பீங்கானுக்குச் சரிம்மா. நெஞ்சுக்கு அப்படி இல்ல. உள்ள நுரையீரல் நிறைஞ்சு இருந்தா சத்தம் அடங்கித்தான் கேக்கும். இடது பக்கம் அப்படித்தான் கேக்குது, அதான் நல்ல பக்கம். வலது பக்கம் கணீர்னு கேக்குதுன்னா, அங்க நுரையீரல் இல்ல. வெறும் காத்துதான் இருக்குது."

ஜைத்தூன் பீவிக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. கையிலிருந்த கரண்டியைப் பார்த்தாள். அதை மெதுவாக நாற்காலியில் வைத்தாள்.

பக்கத்து அறையில் எடுத்த எக்ஸ்ரே உடனே வந்தது. விளக்கின் மேல் வைத்து டாக்டர் விரலால் ஒரு கோட்டைத் தொட்டுக் காட்டினார். அந்தக் கோட்டுக்கு வெளியே ஒன்றும் இல்லாமல் கறுப்பாக இருந்தது.

"மூணுல ஒரு பங்குக்கு மேல சுருங்கியிருக்குது. இந்த நெஞ்சோட நாளைக்கு விமானம் ஏறப் போறீங்களா?"

ஷமீர் எக்ஸ்ரேயிலிருந்து கண்ணை எடுத்துக்கொண்டான்.

"மேல போகப் போக, உள்ள மாட்டியிருக்கற காத்து விரியும். நுரையீரலை மட்டுமில்ல, இதயத்தையும் சேர்த்து நெருக்கும். பாதி வழியில யாரு குழாய் போடுவா உங்களுக்கு? உங்க பக்கத்துல உக்காந்திருக்கறவரா?"

"விசா முடியுது டாக்டர்."

"விசா வேற வாங்கலாம். நுரையீரல் வேற வாங்க முடியாது." டாக்டரின் குரல் தணிந்தது. "இது ரெண்டாவது தடவை. இனி வெறும் குழாயோட விட மாட்டாங்க. நுரையீரல் விலாவோட ஒட்டிக்கற மாதிரி ஒரு ஆபரேஷன் இருக்குது, அதைச் செய்யச் சொல்லுவாங்க. செஞ்சுட்டா மறுபடி வர்றது ரொம்பக் குறைவு. பயப்பட ஒண்ணும் இல்ல, ஆனா இன்னிக்கே புதுச்சேரிக்குப் போகணும். ஆக்சிஜனோட. காருல இல்ல, ஆம்புலன்ஸுல."

கிளினிக்குக்கு வந்த பிறகு ஷமீர் முதல் தடவையாக மனைவியைப் பார்த்தான். அவன் முகத்தில் கோபம் இருக்கும் என்று உமைரா எதிர்பார்த்தாள். பல நாள் சுமந்த மூட்டையை இறக்கி வைத்தவனைப் போல இருந்தான்.

"ஜெயிச்சிட்டே" என்றான்.

"எனக்கு ஒண்ணும் சந்தோஷமில்ல."

"பெண்ணாடத்துல எறக்கி விட்டுட்டியே, அதச் சொன்னேன்."

அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

ஜைத்தூன் பீவி மகனுக்குச் சட்டை மாட்டிவிட்டாள். அவனை நர்ஸ் ஆக்சிஜனுக்கு அழைத்துப் போனதும் மருமகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிறகு உமைராவின் கைப்பையைத் தொட்டாள்.

"பாஸ்போர்ட் இதுலதான இருக்குது?"

"ஆமா மாமி. இந்தாங்க..."

"என்கிட்ட வேணாம். உன்கிட்டயே இருக்கட்டும்." எழுந்துகொண்டாள். "அவன் கெஞ்சுனாலும் தராதே. நான் கெஞ்சுனாலும் தராதே."

ஆம்புலன்ஸ் வந்து நின்றபோது, அதன் பின்னாலேயே கனி பாயின் டூவீலரும் வந்து நின்றது. மனைவியின் போனைக் கேட்டு விழுந்தடித்து வந்திருந்தார். முகம் வெளிறிப்போயிருந்தது.

"சூளை பிரிச்சுக்கிட்டு இருந்தேன். போட்டது போட்டபடி ஓடி வர்றேன். எங்கே அவன்?"

ஷமீரை உள்ளே ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஜைத்தூன் பீவி அவன் தலைமாட்டில் ஏறி உட்கார்ந்தாள். கனி பாய் கதவருகே போய் மகனின் காலைத் தொட்டுவிட்டு ஒதுங்கி நின்றார்.

உமைரா அவர் பக்கத்தில் போனாள். காலையிலிருந்து இடித்துக்கொண்டிருந்தது இப்போது அவளுக்குப் பிடிபட்டிருந்தது.

கனி பாய் ஷெட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஒற்றை யானை கணீரென்றால் மட்டும் போதாது. ஜோடியில் இரண்டும் ஒரே சத்தம் கொடுக்க வேண்டும். ஒன்று ஒரு விதமாகவும் மற்றது வேறு விதமாகவும் கேட்டால், எது நன்றாகக் கேட்டாலும் சரி, அந்த ஜோடியை அவர் கட்ட விடமாட்டார். எதிலோ கோளாறு என்று ஒதுக்கிவைப்பார். அதைச் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான்.

"மாமா, ஜோடி சேராததை நீங்க பாஸ் பண்ண மாட்டீங்களே."

கனி பாய் திரும்பவில்லை.

"மோதினார் வந்தாரு. நாற்காலி கடைக்கு வந்துடுச்சாம்."

அவர் ஆம்புலன்ஸின் பின்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு பேசினார். "சத்தம் ரெண்டு விதமாத்தாம்மா கேட்டுச்சு. அவன் உக்காந்து தொழுவுறதையும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். ஏதோ பழைய வலி, போனா சரியாயிடும்னு நெனச்சேன். உசுருக்கு வர்ற வெனைன்னு சத்தியமாத் தெரியாது."

"தெரியாதுன்னே இருக்கட்டும் மாமா. கேக்கக் கூடவா தோணல? அப்படி அவசரமா அவரை ஏன் அனுப்பப் பாத்தீங்க?"

"இங்க இருந்தா ஷெட்டுக்கு வருவான்."

"வந்தா என்னா?"

கனி பாய் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

உமைரா அப்போதுதான் அவரைச் சரியாகப் பார்த்தாள். சூளை பிரித்துக்கொண்டிருந்தவர் போட்டது போட்டபடி வந்திருக்கிறார். சட்டை சலவைக்குப் போட்டு எடுத்தது போல இருந்தது. தலைமுடியில் தூசி இல்லை. காலையில் கொல்லையில் தெளிவாக ஓடிய தண்ணீர் நினைவுக்கு வந்தது. மாமி அலசவில்லை. அந்தச் சட்டையில் அலசுவதற்கு எதுவுமே இருந்திருக்கவில்லை. ஷெட்டில் சூளை எரிந்தே எத்தனை நாளோ.

"எத்தினி நேரம்? ஏறும்மா" என்று உள்ளேயிருந்து ஜைத்தூன் பீவி கூப்பிட்டாள்.

உமைரா படியில் ஒரு காலை வைத்தாள்.

"மாமா, இன்னிக்கு எந்தச் சூளையைப் பிரிச்சீங்க?"

கனி பாய் தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். ஆனால் அதற்குள் அவள் பார்த்துவிட்டாள். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து, பெருநாளன்றுகூட வெள்ளை போகாத அந்த நகக்கண்கள் சுத்தமாக இருந்தன.